மனநலம் சரியில்லாதவர் கேஸில் மாட்டிக்கொண்டால்: ஜெயிலுக்குப் போகாமல் காக்க என்ன செய்யலாம்

உங்கள் வீட்டில் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அவருடைய ஓபி சீட்டு, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வருகிற ராத்திரியில் பீரோவைக் குடைந்து தேட நேரம் இருக்காது.

எங்களிடம் அந்தப் பை இல்லை. எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். என் பெரியப்பா மகனுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் தக்காளித் தோட்டத்தில் எங்களோடு சேர்ந்து வேலை செய்வான், பெட்டி அடுக்குவதில் அவன் வேகம் யாருக்கும் வராது. ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டான். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நினைத்துக் கல்லை விட்டு எறிந்துவிட்டான். கண்ணாடி உடைந்தது, நல்லவேளை யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினான் என்று கேஸ். ஸ்டேஷனுக்கு ஓடிய பெரியப்பா, "பையன் கொஞ்சம் குடிச்சிருந்தான் சார்" என்று சொல்லிவிட்டார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், வியாதி என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம். அண்ணன் குடிகாரன் என்றால்கூடப் பெண் எடுப்பார்கள், மனநோயாளி என்றால் எடுக்க மாட்டார்கள், நம் ஊர் நிலைமை அப்படி. அவன் பத்தொன்பது நாள் மாத்திரை இல்லாமல் உள்ளே கிடந்தான். வெளியே வந்தபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அதனால் முதல் வேலை, மறைக்காமல் சொல்வது. யாரிடம், எப்போது என்று கேட்டால், பார்க்கிற எல்லாரிடமும், கைதானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள். கைது செய்தவரை அதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும், அதற்கு முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் உடல் பரிசோதனை செய்வார்கள். ஸ்டேஷனில் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள்: பெயர், என்ன நோய், எத்தனை வருடமாக, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை, எப்போதிலிருந்து சாப்பிடவில்லை. ஓபி சீட்டு நகலைப் பின் பண்ணி ஒரு பிரதியைக் கொடுத்து, இன்னொன்றில் கையெழுத்தோ சீலோ வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் நீதிமன்றத்தில் அதையே சொல்லுங்கள். பரிசோதனை செய்கிற டாக்டரிடமும் சொல்லிக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், ரிமாண்ட் நேரத்தில், அதாவது காவலில் வைக்கலாமா என்று முடிவு செய்யும்போது, மாஜிஸ்திரேட் பார்க்கிற காகிதங்களில் அதுவும் இருக்கும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைதே செய்யாமல் பிஎன்எஸ்எஸ் (போலீஸும் கோர்ட்டும் கேஸை நடத்துகிற முறையைச் சொல்லும் புதிய சட்டம்) பிரிவு 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து அனுப்பவும் வழி இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்று பின்வாங்க வேண்டாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழுக்கள் இருக்கின்றன. காவலில் இருப்பவர், மனநோய் உள்ளவர், பெண்கள், எஸ்சி எஸ்டி பிரிவினர் எல்லாருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. போனில் 15100.

இப்போது முக்கியமான பிரிவுக்கு வருகிறேன், எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிஎன்எஸ்எஸ் 369. பழைய சட்டத்தில் இது 330. தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள முடியாத மனநிலையில் ஒருவர் இருக்கிறார் என்று நீதிமன்றம் கண்டால், அது ஜாமீனில் விடமுடியாத குற்றமாகவே இருந்தாலும் அவரை ஜாமீனில் விட இந்தப் பிரிவு சொல்கிறது. நிபந்தனை இரண்டு. உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் இருக்கக் கூடாது. உறவினரோ நண்பரோ ஒருவர், பக்கத்து மருத்துவமனையில் தொடர்ந்து வெளிநோயாளி சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி தர வேண்டும். இந்த உறுதியை ஏற்க முடியாது என்றாலும், மனநல சிகிச்சை கிடைக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும். இதற்கு முந்தைய படி பிரிவு 367. சந்தேகம் வந்தால் மாஜிஸ்திரேட் அரசு டாக்டரிடம் அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் முதல் நாள் ரிமாண்டில் சில நிமிடம் தலை குனிந்து நிற்கிற ஆளைப் பார்த்து அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

அசாமில் மச்சல் லாலுங் என்பவரை 1951-ல் பிடித்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனையில் வைத்தார்கள், அப்புறம் மறந்தே போனார்கள். விசாரணை நடக்காமலே 54 வருடம். 2005-ல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் இதுவும் நடக்கும்.

உறுதி கொடுக்கிறவர் யார் என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள். வயதான அம்மாவை நிறுத்தினால் நீதிமன்றமே தயங்கலாம். கூடவே இருக்கிற அண்ணன், அக்கா, மாமா, இவர்களில் ஒருவர் ஆதார் அட்டையோடு நேரில் வரட்டும். மருத்துவமனை பெயரையும் மனுவிலேயே எழுதுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது உங்களுக்குக் கிட்டவோ அது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலர் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறார்கள், ஏற்கெனவே அங்கே ஃபைல் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை இழந்து போக முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஓபி தேதி தவறினால் ஜாமீன் கேள்விக்குள்ளாகும்.

கோயிலில் கயிறு கட்டுவதையோ பாடம் போடுவதையோ நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கோர்ட்டில் அதற்குச் சீட்டு கிடையாது. சங்கிலியில் கட்டி வைப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அறவே கூடாது.

"குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால், டாக்டர் பார்க்கிற வரைக்கும் தலையாட்டாதீர்கள். செய்யும்போது அது தப்பு என்றே புரியாத மனநிலையில் இருந்தார் என்றால் பிஎன்எஸ் (எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லும் புதிய சட்டம்) பிரிவு 22-ன்படி அது குற்றமே இல்லை. ஆனால் சம்பவம் நடந்த சமயத்தில் அப்படி இருந்தார் என்று நாம்தான் காட்ட வேண்டும். பழைய சீட்டுகளின் அருமை அங்கேதான் தெரியும். தற்கொலைக்கு முயன்றவர் மீது கேஸ் என்று மிரட்டினால், மனநலச் சட்டத்தின் பிரிவு 115-ஐச் சொல்லுங்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தார் என்றே கருத வேண்டும், விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது.

ஏற்கெனவே உள்ளே போய்விட்டாரா? கிளைச் சிறையோ சேலம் மத்திய சிறையோ, கண்காணிப்பாளருக்கும் சிறை டாக்டருக்கும் மாத்திரைப் பட்டியலோடு மனு கொடுங்கள், மனநலச் சட்டத்தின் பிரிவு 103 கைதிக்கும் மனநல சிகிச்சை உண்டு என்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் கிடந்தால், ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில் அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். முதல் முறை கேஸில் சிக்கியவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், வேறு வழக்கு இல்லாதபட்சத்தில், பிஎன்எஸ்எஸ் பிரிவு 479 அவரை வெளியே விடச் சொல்கிறது. தூக்கோ ஆயுளோ உள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது.

நோய் இல்லாமல் சின்னத் தப்பில் மாட்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் சமூக சேவை ஒரு தண்டனையாகவே சட்டத்தில் வந்துவிட்டது. 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்கு அந்தத் தண்டனைதான். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததற்கும் அதைக் கேட்கலாம். இதைவிடப் பழையது 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டம், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுகிற சட்டம். தீர்ப்பு நாளன்று வக்கீல், "நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேட்டு முடிவு செய்யுங்கள்" என்று வாய்திறந்து கேட்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே என்றால், ஆயுள் தண்டனை அளவுக்குப் போகாத குற்றங்களில், ஜெயிலுக்கு அனுப்ப நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தில் விடுதலையானால் அந்தத் தண்டனையால் வருகிற தகுதியிழப்பும் கிடையாது, படித்த பையன்களுக்கு இது பெரிய விஷயம்.

கடைசியாக, பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிகிறவரைப் பார்த்து திருடன் என்று அடிக்கக் கூட்டம் கூடினால், 112-க்குக் கூப்பிட்டு, மனநலச் சட்டத்தின் பிரிவு 100-ன்படி பாதுகாப்பில் எடுக்கச் சொல்லுங்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார், தூங்கவில்லை, சந்தேகமாகவே பேசுகிறார் என்றால் அடுத்த ஓபி வரை காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.