மணலிலும் சேற்றிலும் ஜாக்கி போடுவது எப்படி?

தார்ச்சாலையில் பஞ்சரானால் ஜாக்கியை வைத்துத் தூக்கி, டயரை மாற்றிக் கிளம்பிவிடலாம். மணல், சேறு, கரட்டுப் பாதை என்று வந்துவிட்டால் அதே ஜாக்கி இரண்டு வகையில் காலை வாரும். ஒன்று, மண்ணுக்குள் இறங்கும். இரண்டு, வண்டி லேசாக உருண்டு ஜாக்கியைச் சாய்த்துவிடும். இந்த இரண்டையும் தடுப்பதில்தான் பாதி நேரம் போகும், போகட்டும்.

1. இடம்

சரிவில் நின்றிருந்தால் அங்கேயே தூக்காதீர்கள். காற்றில்லாத டயரோடு பத்து இருபது மீட்டர் ஊர்ந்தாவது சமதளத்துக்குப் போங்கள். டயர் வீணாகலாம், வண்டி மேலே விழுவதற்கு அது தேவலை. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

2. உருளாமல் நிறுத்துதல்

ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று, கியரிலும் நிற்கிறது, இனி நகராது என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் ஒரே சக்கரம்தான். பின்சக்கர டிரைவ் வண்டியில் கியரும் கைகொடுக்காது. தரையில் உள்ள சக்கரம் ஒரு பக்கம் உருள, அந்தரத்தில் உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றும். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியான டிஃப்ரன்ஷியலின் வேலையே அதுதானே. எஞ்சின் அசையாது, வண்டி நகர்ந்துவிடும்.

ஃபோர் வீல் டிரைவ் லீவர் உள்ள வண்டியானால் 4எல் (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில் இயங்கும் நிலை) போட்டு, முதல் கியரில் எஞ்சினை அணையுங்கள். அப்போது தரையில் இருக்கும் இன்னொரு ஆக்சில் (இரு சக்கரங்களை இணைக்கும் அச்சு) வண்டியைப் பிடித்துக்கொள்ளும். லீவர் நகர்ந்தால் மட்டும் போதாது. பல் பொருந்த வண்டி ஓர் அடி நகர வேண்டியிருக்கும். முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைக் கையால் பூட்டும் வகையென்றால் அதையும் பூட்டுங்கள்.

எந்த வண்டியானாலும், தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுங்கள்.

3. நட்டுகளைத் தளர்த்துதல்

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடும்.

4. பலகை

வண்டியின் ஒரு மூலையில் 600 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடித்தகடு 10 செ.மீ. சதுரமானால் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 6 கிலோ தாங்க வேண்டும். மணல் தாங்காது. அதே எடையை 30 செ.மீ. சதுரப் பலகையில் பரப்பினால் முக்கால் கிலோவுக்கும் குறைந்துவிடும்.

18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். மெல்லிய பலகை நடுவில் வளையும். அப்புறம் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய். செங்கல் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். மேலாக உள்ள தளர்ந்த மண்ணை வழித்து, தரையைச் சமமாக்கிப் பலகையைப் போடுங்கள்.

5. ஜாக்கியை எங்கே வைப்பது?

வண்டியின் கையேட்டில் காட்டிய இடம்தான் முதல் தேர்வு. கட்டை ஆக்சில் (இரு சக்கரங்களும் ஒரே விறைப்பான குழாயில் இணைந்தது) உள்ள வண்டியில், ஆக்சில் குழாயில் சக்கரத்துக்குப் பக்கமாக வைத்தால் கொஞ்சம் தூக்கினாலே போதும். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வைத்தால் சஸ்பென்ஷன் தொங்கித் தொங்கிக் கீழே வரும். சக்கரம் கிளம்புவதற்குள் வண்டி ஆபத்தான உயரத்துக்குப் போய்விடும். உருண்டையான டிஃப்ரன்ஷியல் வயிற்றில் வைத்தால் வழுக்கும்.

6. தூக்குதல்

ஜாக்கி எடையை வாங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பலகை சமமாக ஓரிரு செ.மீ. அமுங்கினால் பரவாயில்லை. சாய்ந்திருந்தால் இறக்கி, மண்ணைச் சரிசெய்து, மறுபடி தொடங்குங்கள். பக்கவாட்டில் தள்ளி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

ஸ்டெப்னியை சேஸிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி விழுந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளி ஸ்டெப்னியை எடுங்கள். கையோ காலோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

காற்று நிரம்பிய ஸ்டெப்னி நுழைய உயரம் போதவில்லையா? இன்னும் தூக்குவதைவிடச் சக்கரத்துக்குக் கீழே மண்ணைப் பறிப்பது நல்லது. பறிக்கும் குழி பலகையின் ஓரத்தை நெருங்கக் கூடாது.

ஹை-லிஃப்ட் ஜாக்கி (நீளப் பிடியை மேலும் கீழும் அடித்து உயரமாகத் தூக்கும் வகை) என்றால் ஒரு எச்சரிக்கை: பிடி கைநழுவினால் அசுர வேகத்தில் திரும்ப அடிக்கும். முகமும் தாடையும் அது சுழலும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். இறக்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறார்கள். முதல் முறை தூக்குபவருக்குப் பாட்டில் ஜாக்கியே (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பாட்டில் வடிவ ஜாக்கி) போதும்.

7. மாட்டி இறக்குதல்

நட்டின் சரிவான பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கையால் திருகி, நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிராக இறுக்குங்கள். அடியில் உள்ள பழைய டயரை வெளியே எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள். பாட்டில் ஜாக்கியின் வால்வைக் கால் சுற்று திறந்தாலே போதும். கடைசி இறுக்கம் சக்கரம் தரையைத் தொட்ட பின்புதான். 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஜாக்கியின் மரையில் ஒட்டிய மணலை அன்றே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பஞ்சரில் அது திருகாது.