கோட்டை தேவாலயத்தில் புதையல் வேட்டை நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலய முற்றத்தில் புதிர் வேட்டை நடத்தப் புதிதாகச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அண்மையில் ஒரு கல்லூரிக் குழு தயாரித்த புதிர்த்தாளைப் பார்த்தேன். நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் வரிசையாகச் சறுக்கியிருந்தார்கள். தண்ணீர், குடை, அடையாள அட்டை பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

கல்லுக்குக் கீழே ஆள் இருப்பதாக நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். முற்றத்துத் தரையில் கல்லறைக் கற்களாகப் பதித்திருக்கும். புதிதாக வருபவர்கள் பார்த்ததுமே இது இடுகாடு என்று முடிவுகட்டி, "இவர் தலைமாட்டில் நின்று, கால் நீட்டியிருக்கும் திசையில் நட" என்று க்ளூ எழுதிவிடுகிறார்கள். கிறிஸ்தவ மரபில் தலை மேற்கே, கால் கிழக்கே என்று எங்கோ படித்திருப்பார்கள். இங்கே அது செல்லாது, ஏனென்றால் இந்தக் கற்களில் பெரும்பாலானவை வேறு இடத்திலிருந்து வந்தவை.

பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, முன்பு சட்டக் கல்லூரியாக இருந்த கட்டடம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தக் கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகிய பிறகு, இனி எதிரிக்கு அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அதோடு விட்டார்களா? 1782இல் ஹைதர் அலியோடு போர் நடந்தபோது, பீரங்கிகளை நிறுத்துவதற்காக அவற்றை மறுபடி பெயர்த்தெடுத்தார்கள். அப்புறம்தான் முற்றத்துக்குத் திரும்பி வந்தன. இப்படி அலைந்த கல்லின் தலைமாடு எந்தத் திசையைக் காட்டும்?

அந்தக் குழுவின் க்ளூக்களில் பாதி இதை நம்பியே இருந்தன. ஒத்திகையில் ஓர் அணி கிழக்கே போனது, இன்னோர் அணி வடக்கே போய் நின்றது, அச்சடித்த தாள் எல்லாம் வீண். அச்சுச் செலவாவது போகட்டும், இந்த முற்றத்தின் ஆகப் பெரிய புதிரே கற்கள் இங்கே வந்து சேர்ந்த கதைதான், அதைத் தொடாமலே வேட்டையை முடித்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம். எலிசபெத் பேக்கரின் கல்லில் 1652 என்று இருக்கிறது, தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டதோ 1680இல். "கோயிலைவிட 28 வயது மூத்த கல் எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறை மட்டும் இடிபடாமல் தப்பி, பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அவருடைய மனைவி கேத்தரின், கணவர் இறந்த பிறகு, பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேலை மணந்தது இதே தேவாலயத்தில், 1680இல். இவ்வளவும் கையில் இருக்க, தலைமாடு கால்மாடு எதற்கு?

சுண்ணக்கட்டி, மாவு, நாணயம்

எழுத்து மங்கலாக இருக்கிறது என்று கல்லில் எதையும் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், போட்டியாளர்களுக்கும் அந்த அவசியம் வராதபடி க்ளூவை எழுதுங்கள். செல்போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். தேய்ந்துபோன எழுத்தை யாரும் திரும்பப் பொறித்துத் தரப்போவதில்லை.

கல்லில் உள்ள ஆண்டை அப்படியே எண் பூட்டைத் திறக்கும் விடையாக்குவது

1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். கல்லில் பிப்ரவரி 1687 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1688 ஆகலாம். சில கற்களில் இரண்டு ஆண்டும் சேர்ந்தே இருக்கும். எந்த எண் வேண்டும் என்று க்ளூவிலேயே சொல்லிவிடுங்கள். லத்தீன் கல்லில் எழுத்து எண்ணச் சொன்னால் இன்னொரு சிக்கல்: யூ வர வேண்டிய இடத்தில் வீ நிற்கும், ஜே வர வேண்டிய இடத்தில் ஐ நிற்கும்.

கிளைவ் கல்யாணம்

ராபர்ட் கிளைவுக்கு இதே தேவாலயத்தில் கல்யாணம் நடந்த ஆண்டு 1753. அதைக் கேள்வியாக வைத்தால் வீட்டிலிருந்தே தேடி எடுத்துவிடுவார்கள். விடுங்கள்.

பொட்டலம் ஒளித்து வைப்பது

தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் கோட்டை அது. கூடவே கூடாது.

ஞாயிறு காலை

ஆராதனை நடக்கும். வேறு நாள் பாருங்கள், அதையும் தேவாலயத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு.