டேட்டா மென்பொருள் வாங்கும் முன் பார்ப்பவர்களை எண்ணுங்கள்

டேட்டா அனலிடிக்ஸ் மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன், அறிக்கை தயாரிப்பவர்களை விட்டுவிட்டு அதைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான்; ஆனால் அறிக்கையைப் பகிரும்போது பொதுவாகப் பார்ப்பவருக்கும் தலைக்கு ஒரு புரோ (கட்டண) உரிமம் வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருப்பவர், தினசரி வரத்தையும் கூழ் அளவையும் 20 பேருக்குக் காட்ட கூகுள் ஷீட்ஸை, கூகுளின் இலவச அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில் இணைத்து லிங்க் அனுப்பினால் போதும், காசு இல்லை. எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் மொழி) தெரிந்த ஆள் இருந்தால் மெட்டாபேஸ் என்ற அறிக்கை மென்பொருளின் இலவசப் பதிப்பும் சரி (சர்வர் செலவு தனி).

ஓசூர்த் தொழிற்சாலைகள் போல நொடிக்கு நொடி இயந்திரத் தரவு குவியும் இடத்துக்கு ஷீட்ஸ் ஒத்துவராது. 1 கோடி செல் (கட்டம்) தான் அதன் எல்லை. அதற்கு வெகு முன்பே திணற ஆரம்பித்துவிடும்.