லண்டன் கிளைக்கு முன் சம்பளச் சீட்டு

யாழ்ப்பாணத்தில் தொழில் தலையெடுத்ததும் பலர் லண்டனில் கிளை போட யோசிக்கிறார்கள். சரி, நம்பிக்கையான மனேஜரை எப்படி அனுப்புவது? பிரிட்டனில் 2022 முதல் இதற்கென்றே ‘யூகே எக்ஸ்பான்ஷன் வேர்க்கர்’ விசா இருக்கிறது. கூடியது 2 வருடம். நிரந்தர வதிவிடம் இதில் கிடைக்காது.

இடறுவது வேறு இடத்தில். மிக உயர்ந்த சம்பளக்காரர் தவிர, மற்றவர்கள் உங்களிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் சம்பளம் கடித உறைக்குள் காசாகப் போகும். பத்து வருடம் கூடவே நின்றவருக்கும் காட்ட ஒரு தாள் இராது! இந்த மாதமே சம்பளத்தை வங்கியில் போடுங்கள், சீட்டுக் கொடுங்கள், ஊழியர் சேமலாப நிதியையும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

அப்புறம், குடும்பமும் போவதென்றால், மொழிபெயர்த்த பிறப்பத்தாட்சியில் பெயரின் ஆங்கில எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒருதரம் பாருங்கள்.