சமையலறை டைல்ஸ்: ஒட்டுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

போன வாரம் ஒரு வேலையில், புதிதாகப் பழகும் தம்பி ஒருவன் அடுப்படித் தரையில் நேராகக் கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தான். அடியில் பழைய சிவப்பு ஆக்சைடு தரை, பளபளவென்று. "கெட்டியாத்தானே இருக்கு மேஸ்திரி, எதுக்குக் கொத்தணும்?" என்றான். 20 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

தரையைக் கூட்டுவது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எல்லாம் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

பழைய தரையைக் கொத்தாமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சிவப்புத் தரை கெட்டிதான். ஆனால் கரணையால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய தரை அது. கலவைக்குப் பிடிமானமே கிடையாது. போதாததற்கு அடுப்புக்கு முன்னால் வருஷக்கணக்காகத் தாளித்த எண்ணெய் ஊறியிருக்கும்.

20 வருஷத்துக்கு முன்னால் நான் அப்படிச் சொன்ன வேலையில், அந்த வீட்டு அக்கா பொங்கலுக்குள் முடிக்கச் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவினேன், சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றினேன், ஒட்டினேன். சித்திரை வெயிலில் அடுப்புக்கு நேரே இரண்டு வரிசை கூரை மாதிரி மேலே எழும்பி நின்றது. ஒரு டைலைத் தூக்கினால் கலவை மொத்தமும் அதோடு வந்தது. அடிப்பக்கம் தோசைக்கல் போல வழுவழு, அங்கங்கே சிவப்புக் கறை, மோந்து பார்த்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை. உடைந்தது கொஞ்சம்தான். ஆனால் அதே ஷேடு கடையில் இல்லை. முழு அடுப்படியையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன்.

சந்தேகம் இருந்தால் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் அந்தத் தரை கலவையை ஏற்காது. அம்மி கொத்துகிற மாதிரி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்தாக உளியால் தரை முழுக்கக் கொத்துங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மேல்பூச்சையே பெயர்த்து எடுத்துவிடுங்கள். சுத்தியலால் தட்டும்போது 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கிற இடமும் அப்படித்தான். அப்புறம் தூசி போகக் கழுவி, தரை ஈரமாக இருக்கும்போதே சிமெண்ட் பால், அது காய்வதற்குள் கலவை.

சிமெண்ட் பாலைக் காயவிடுவது

காய்ந்த பால் பிடிக்காது. ஏடாக உரிந்து வரும். கை எட்டும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

நிரப்பிய மண்ணை நம்புவது

புது வீட்டில் அடிக்கடி பார்க்கிறேன். மண்ணை ஒரே நாளில் கொட்டி நிரப்பி, மறுநாளே மேலே ஜல்லிக் கான்கிரீட். ஒரு மழைக்காலம் போனதும் மண் இறங்கி, மேடைக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி தெரியும். அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கிய பிறகுதான் கான்கிரீட். அதற்கும் ஒரு வாரம் தண்ணீர் கட்டுங்கள்.

வாட்டம்

கழுவும் தண்ணீர் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, தரை அந்தப் பக்கம் சரிகிற மாதிரி நூல் பிடியுங்கள்.

கதவு

பழைய தரைக்கு மேலேயே ஒட்டினால் கலவையும் டைலும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலம் ஏறும். கதவு உரசும், கூடத்தைவிட அடுப்படி மேடாகிவிடும், கழுவுகிற தண்ணீர் கூடத்துக்கு ஓடும். அந்தத் தம்பி கொத்தி முடித்ததும் முதலில் கதவுக்கு அடியில்தான் டேப் வைக்கச் சொன்னேன்.