ஸ்போர்ட் பேக்கேஜ் வாங்கலாமா? சொகுசு செடான் வாங்குவோர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சொகுசு செடான் வாங்கப் போகிறவர் எடுக்கும் முடிவுகளில் மிகக் குறைந்த யோசனையோடு எடுக்கப்படுவது ஸ்போர்ட் பேக்கேஜ், அதாவது காருக்குப் பந்தயக் காரின் சாயல் தரும் பாகங்களின் தொகுப்பு, பற்றிய முடிவுதான். இன்ஜினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் மாதக்கணக்கில் படித்தவர்கள்கூட, ஷோரூமில் நிற்கும் காரின் பெரிய சக்கரங்களையும் கறுப்புப் பளபளப்பையும் பார்த்த சில நிமிடங்களில் விலையில் சில லட்சங்களைக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் முழுவதும் வீண் என்று நான் கருதவில்லை. ஆனால் அந்த ஒரு பெயரின் கீழ் விற்கப்படும் பொருள்களில் சில, காரை வைத்திருக்கும் காலம் முழுவதும் பயன் தருபவை. வேறு சில, முதல் பெரிய பள்ளத்திலேயே செலவு வைப்பவை. இவற்றைப் பிரித்தறியும் முறையை, பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் எம் ஸ்போர்ட் பேக்கேஜை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். மெர்சிடிஸின் ஏஎம்ஜி லைன், ஆடியின் எஸ் லைன், லெக்ஸஸின் எஃப் ஸ்போர்ட் ஆகியவற்றுக்கும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மன் நிறுவனங்கள் மூன்றும் தம் கார்களை மூன்று படிகளாக அடுக்கி வைத்திருக்கின்றன. மேல்படியில் இருப்பவை பிஎம்டபிள்யூ எம்3, ஆடி ஆர்எஸ்4 போன்ற முழுமையான பந்தயக் குணம் கொண்ட கார்கள். நடுப்படியில் எம்340ஐ, ஏஎம்ஜி சி 43, ஆடி எஸ்4 போன்றவை வருகின்றன. இவற்றின் இன்ஜினே வேறு. எம்340ஐ காரில் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் இருக்கிறது. கீழ்ப்படியில் இருப்பதுதான் நாம் பேசும் ஸ்போர்ட் பேக்கேஜ். சாதாரண இன்ஜின் கொண்ட காருக்கு மேல்படிக் கார்களின் தோற்றத்தையும், அவற்றின் ஓட்டத்தில் ஒரு சிறு பங்கையும் இது தருகிறது. எம் ஸ்போர்ட் எழுத்து ஒட்டப்பட்டதால், சாதாரண டீசல் 3 சீரிஸான 320டி காரின் குதிரைத்திறன் கூடுவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததே என்று தோன்றலாம்; ஆனால் பழைய கார் விளம்பரங்களில் எம் ஸ்போர்ட் காரை “எம் கார்” என்று எழுதி விலை கேட்பதை இன்றும் காணலாம்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் வாங்குபவர் பேக்கேஜைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார். அதன் விலை விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கும். இங்கே அது பெரும்பாலும் ஒரு வேரியன்ட்டோடு பிணைக்கப்பட்டே வருகிறது. 2022இல் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் சி கிளாஸில் ஏஎம்ஜி லைன் வேண்டுமென்றால் சி 300டி வேரியன்ட்டை வாங்க வேண்டியிருந்தது. அதன் டீசல் இன்ஜின் 265 குதிரைத்திறன் கொண்டது, கீழ் வேரியன்ட்டான சி 220டி காருடையது 200. இரண்டு வேரியன்ட்டுகளின் விலை வித்தியாசத்தை அப்படியே பேக்கேஜின் விலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும். எனவே இரண்டு வேரியன்ட்டுகளின் வசதிப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ஜின், ஒலியமைப்பு, சன்ரூஃப் போன்ற ஸ்போர்ட்டுக்குத் தொடர்பில்லாதவற்றை முதலில் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் எடைபோட வேண்டிய பொருள்.

பின்னால் சேர்க்க முடியாதவற்றுக்கே பணம்

மிஞ்சிய பட்டியலை ஒரே ஒரு கேள்வியால் பிரிக்கலாம்: இது இப்போது இல்லாவிட்டால் பின்னால் பொருத்திக்கொள்ள முடியுமா? பம்பர், பக்கவாட்டுப் பட்டைகள், கறுப்பு கிரில், டிக்கியின் மேல் வரும் சிறு ஸ்பாய்லர், பெரிய அலாய் வீல் ஆகியவற்றைப் பின்னால் வாங்கிப் பொருத்த முடியும். அப்படிப் பொருத்தினால் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துவிட வேண்டும். ஆனால் ஸ்போர்ட் இருக்கைகள், மின்னணு முறையில் இறுக்கம் மாறும் டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்), பெரிய பிரேக்குகள், திருப்பும் அளவுக்கேற்ப விகிதம் மாறும் ஸ்டீயரிங் ஆகியவற்றை ஆலையில் பொருத்தாத காரில் பின்னால் பொருத்துவது செலவு, உத்தரவாதம், வயரிங் ஆகிய மூன்று வகையிலும் நடைமுறைக்கு ஒவ்வாதது. ஷோரூமில் கண்ணைக் கவர்பவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. பணத்துக்கு மதிப்புத் தருபவையோ இரண்டாம் வகையிலேயே அதிகம் இருக்கின்றன.

அவற்றுள் இருக்கைகளை நான் முதலிடத்தில் வைப்பேன். பக்கவாட்டுத் தாங்கல்களைக் குறுக்கவும் அகலப்படுத்தவும், தொடைக்குக் கீழான பகுதியை முன்னே நீட்டவும் முடிகிற ஸ்போர்ட் இருக்கை, வளைவுகளில் உடலைப் பிடித்துக்கொள்வதோடு, சென்னையிலிருந்து மதுரை போகும் நீண்ட பயணத்தில் உயரமானவர்களின் தொடைக்கும் இடுப்புக்கும் உண்மையான ஓய்வைத் தருகிறது. உடல் பருத்தவர்களுக்கு அதே தாங்கல்கள் இடைஞ்சலாகவும் ஆகலாம். ஆகவே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாமல், குறைந்தது அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

பிரேக்குக்கும் நல்ல மதிப்பு உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. 2019 முதல் வந்த 3 சீரிஸில் எம் ஸ்போர்ட் பிரேக் என்பது முன்சக்கரங்களில் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பெரிய டிஸ்க்கும் கொண்டது. நகரத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு அதன் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ முழுச் சுமையோடு இறங்குபவருக்குத் தெரியும். டிஸ்க் பெரிதாக இருந்தால் அதிக வெப்பத்தைத் தாங்கும், பிரேக் தளர்ந்துபோவது தள்ளிப்போகும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள, கியர் மாற்றும் பட்டைகளும் (பேடில் ஷிஃப்டர்) அதே இறக்கத்தில்தான் பயன்படுகின்றன, கீழ் கியரில் பிடித்து இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். சில பேக்கேஜ்களில் பிரேக்கின் நிறமும் எழுத்தும் மட்டும் மாறி, உள்ளே அதே பழைய அளவு டிஸ்க் இருக்கும் என்பதால், டிஸ்க்கின் விட்டத்தையும் பிஸ்டன் எண்ணிக்கையையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கரமும் டயரும்

ஸ்போர்ட் பேக்கேஜில் அதிகம் தவறு நேரும் இடம் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 3 சீரிஸுக்கு 17 அங்குல ரிம்மில் வரும் டயர் 225/50 அளவுடையது. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பதைக் காட்டுகிறது. 225இல் 50 சதவீதம் ஏறக்குறைய 112 மி.மீ. அதுவே 18 அங்குலத்துக்கு 225/45 ஆகும்போது 101 மி.மீ. ஆகிறது. 19 அங்குலத்துக்கு முன்னால் 225/40, பின்னால் 255/35 என்று மாறும்போது ஏறக்குறைய 90 மி.மீ. மட்டுமே மிஞ்சுகிறது. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைகிறது. 17இலிருந்து 19க்குப் போகிறவர், பள்ளத்துக்கும் அலுமினிய ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தையில் 22 மி.மீட்டரை விட்டுக்கொடுக்கிறார். மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் 60 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது, ரிம் வளைவதும் டயரின் பக்கச்சுவர் புடைப்பதும் இதனால்தான்.

முன்னும் பின்னும் வேறுவேறு அகலம் கொண்ட டயர்களில் இன்னொரு செலவு மறைந்திருக்கிறது. நான்கும் ஒரே அளவாக இருந்தால், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்தலாம். அளவு வேறானால் அந்த வழி அடைபட்டு, பின்டயர்கள் முன்கூட்டியே தேய்ந்துவிடும். ரன்-ஃபிளாட் டயராக இருந்தால், காற்று முழுவதும் இறங்கிய பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் ஓட்ட முடியும் என்பது உண்மையான நன்மைதான். ஆனால் அதற்காகவே கெட்டியாக்கப்பட்ட பக்கச்சுவர் சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டையும் உள்ளே அனுப்புகிறது. ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லையா என்பதையும் இதோடு சேர்த்தே கேளுங்கள். என் பரிந்துரை வெளிப்படையானது: நம் சாலைகளில் 18 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். பேக்கேஜோடு 19 அங்குலம் கட்டாயமாக வந்தால், டெலிவரிக்கு முன்பே சிறிய ரிம்மாக மாற்றித் தர முடியுமா என்று பேசிப் பாருங்கள். அந்தச் சிறிய ரிம்முக்குள் பெரிய பிரேக் கேலிப்பர் பொருந்துமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாழ்வும் இறுக்கமும்

எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் காரைத் தாழ்த்தும் அளவு ஏறக்குறைய 10 மி.மீ. மட்டுமே. கேட்க அற்பமாகத் தோன்றினாலும், வேகத்தடையில் அடிவயிறு உரசும் காரில் அந்த 10 மி.மீ. பெரிது. நம் நாட்டுக்கு 2021இல் வந்த 3 சீரிஸ் கிரான் லிமோசின், சாதாரண 3 சீரிஸைவிட வீல்பேஸில் 110 மி.மீ. நீளமானது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே நீளம் கூடும்போது, அதே தரை இடைவெளியிலும் வேகத்தடையின் உச்சி காரின் நடுப்பகுதியைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் வேகத்தடை உயரத்தை 10 செ.மீ. என்றும் அகலத்தை 3.7 மீட்டர் என்றும் வகுத்திருக்கிறது. தெருமுனைகளில் ஊரார் போட்டுவைக்கும் செங்குத்துத் தடைகள் இந்த அளவுக்கு எங்கே கட்டுப்படுகின்றன?

இறுக்கமான ஸ்பிரிங் மட்டும் உள்ள பேக்கேஜைவிட, கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றக்கூடிய டேம்பர்களோடு வரும் பேக்கேஜ் பல மடங்கு மேலானது. பின்னது கிடைத்தால் மற்றவற்றில் சிக்கனம் செய்தாவது அதை எடுக்கலாம். காரை ஓட்டுநர் ஓட்ட, நீங்கள் பின்இருக்கையிலேயே பயணம் செய்பவர் என்றால், தாழ்ந்த சஸ்பென்ஷனும் மெல்லிய டயரும் உங்களுக்கு ஒரு நன்மையும் செய்யாமல் முதுகுக்கு மட்டும் வேலை கொடுக்கும். சொகுசு வகை வேரியன்ட்டையே எடுங்கள்.

பணக் கணக்கு

இரண்டு வேரியன்ட்டுகளுக்கு இடையே ஸ்போர்ட்டுக்கான வித்தியாசம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம் என்பதால், அந்த 3 லட்சத்தின் மீது 60,000 ரூபாய் வரி ஏறி 3.6 லட்சம் ஆகிறது. அதை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 7,470 ரூபாய், மொத்தம் 4.48 லட்சம். விற்கும்போது ஸ்போர்ட் தோற்றத்துக்காக ஒரு லட்சம் கூடக் கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்தாண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 5,800 ரூபாய் அந்தப் பேக்கேஜுக்காகப் போகிறது. இதில் கூடுதல் காப்பீட்டுத் தொகையும், விலை அதிகமான டயரும் இன்னும் சேரவில்லை. இந்தத் தொகையை நீங்கள் அடித்துவிட்ட பட்டியலில் மிஞ்சியவற்றோடு ஒப்பிடுங்கள். நல்ல இருக்கையும் மாறும் டேம்பரும் பெரிய பிரேக்கும் இருந்தால், தானே ஓட்டி மகிழ்பவருக்கு இது நியாயமான விலை. பம்பரும் ரிம்மும் எழுத்தும் மட்டுமே என்றால், எனக்கு மனம் வராது. ஆனால் காரின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்பவருக்கு அந்த மகிழ்ச்சியும் ஒரு பயன்தான். அவர் அதைத் தெரிந்தே வாங்கட்டும். வாங்கினால், பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத) காப்பீட்டோடு டயருக்கும் ரிம்முக்குமான கூடுதல் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

டெஸ்ட் டிரைவும் பழைய காரும்

ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் எந்தக் காரும் நன்றாகவே ஓடும். உங்கள் வீட்டுத் தெரு வரை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டு வாசல் சரிவில் முன்பம்பர் இடிக்கிறதா, உங்கள் தெருவின் மோசமான வேகத்தடையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது அடி உரசுகிறதா, 20 கி.மீ. வேகத்தில் சிறு பள்ளங்களில் உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடமாவது பின்இருக்கையிலும் உட்காருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் சென்று அவர் கருத்தைக் கேளுங்கள். சாதாரண வேரியன்ட்டையும் அதே நாளில், அதே வழியில் ஓட்டினால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

பழைய கார் என்றால் விற்பவரின் சொல்லை நம்பத் தேவையில்லை. பிஎம்டபிள்யூ காரின் சேசிஸ் எண்ணில் கடைசி ஏழு எழுத்துகளைக் கொண்டு, ஆலையிலிருந்து அந்தக் கார் என்னென்ன வசதிகளோடு வெளிவந்தது என்பதை அறியலாம். அந்த வசதிப் பட்டியலில் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குறியீடு இருக்கும். 337 இருந்தால் அது ஆலையிலேயே எம் ஸ்போர்ட் பேக்கேஜ் பெற்ற கார். 481 ஸ்போர்ட் இருக்கை. 704 எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன். 2விஎஃப் மாறும் டேம்பர்கள். 2என்ஹெச் எம் ஸ்போர்ட் பிரேக். 715 மட்டும் இருந்து 337 இல்லையென்றால், அது வெளித்தோற்றப் பாகங்கள் மட்டும் பெற்றது. 337 இருந்தும் 225 என்ற எண் சேர்ந்திருந்தால், பேக்கேஜ் உண்டு, ஆனால் சஸ்பென்ஷன் சாதாரணமானது. நம் சாலைக்கு அப்படிப்பட்ட காரே எனக்குப் பிடித்தது. இவற்றில் எதுவுமே இல்லாமல் கதவோரத்தில் எம் எழுத்து மட்டும் மின்னினால், அந்த எழுத்துக்காகக் கேட்கப்படும் கூடுதல் விலையை முழுவதுமாகக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.