பழைய பக்கிக்குப் புது மோட்டார்: பிரஷ்லெஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜப்பானின் டாமியா கம்பெனியின் ஃப்ராக், கிராஸ்ஹாப்பர், ஹார்னெட், ஹாட்ஷாட். 1983 முதல் 1985 வரை வந்த இந்த ரிமோட் பக்கிகள் (மண்ணில் ஓட்டும் பொம்மைக் கார்கள்) இப்போது மறுவெளியீடாகவும் கிடைக்கின்றன. ஒன்று கைக்கு வந்ததுமே பிரஷ்லெஸ் போட்டுப் பறக்கவிட ஆசை வரும். தாராளமாகப் போடலாம். ஆனால் "இருப்பதிலேயே வேகமானது எது?" என்று கேட்டு வாங்கினால் ஒரே வாரத்தில் பல் சக்கரம் தூளாகும். கியர் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் மோட்டாரை முடிவு செய்ய வேண்டும்.

பிரஷ்லெஸ் பற்றிப் பயம் வேண்டாம். மிக்ஸியில் கார்பன் தேய்ந்தால் மாற்றுகிறோமே, அந்தக் கார்பன் இல்லாத மோட்டார், அவ்வளவுதானுங்க. வீட்டில் பி.எல்.டி.சி. ஃபேன் ஓடினால் இந்த மோட்டாரின் பெரியப்பா மகன் ஏற்கனவே உங்கள் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான். காயில் வெளியே நிலையாக இருக்கும், காந்தம் உள்ளே சுற்றும் (ஃபேனில் மட்டும் இது தலைகீழ்). காயிலுக்கு எந்த நேரத்தில் கரண்ட் கொடுப்பது என்பதை இ.எஸ்.சி. (வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) பார்த்துக்கொள்ளும்.

முதலில் கியர் பெட்டியைத் திறங்கள்

அந்தக்கால வண்டிகளில் பல் சக்கரங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பல் சக்கரமான பினியன் பல கிட்டுகளில் அலுமினியம். அது சீக்கிரம் தேயும், தேய்ந்த துகள் கிரீஸில் கலந்து மற்ற பற்களையும் அரிக்கும். எஃகு பினியன் வாங்குங்கள். பல் அளவையும் பாருங்கள். அந்தக்கால டாமியா வண்டிகளில் 0.8 மாட்யூல் அதிகம், வேறு கம்பெனிகளில் 48 பிட்ச் வரும். 48 பிட்சின் பல் பொடியானது, 0.8-ஓடு சேராது. தண்டு சுழலும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) இருந்தால் எடுத்துவிட்டு பால் பேரிங் போடுங்கள். ஹார்னெட்டுக்கு 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம் உள்ளது பொருந்தும்.

அடுத்து, அளவு

இந்த வண்டிகளில் வழக்கமான 540 அளவு மோட்டார் ஏறத்தாழ 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ.க்குச் சற்று மேல் நீளம். தண்டு 3.17 மி.மீ., பொருத்தும் துளைகளுக்கு நடுவே 25 மி.மீ. கிராஸ்ஹாப்பர் மட்டும் சிறிய 380 மோட்டாரோடு வந்தது. அதன் தண்டு மெல்லியது, எனவே பழைய பினியன் 540-க்கு ஆகாது. பிரஷ்லெஸ் மோட்டாரின் பின்பக்கம் ஒயர் பற்றவைக்கும் தகடுகளும் சென்சார் (காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று இ.எஸ்.சி.க்குச் சொல்வது) சாக்கெட்டும் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு இடம் இருக்கிறதா என்று வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். பொருத்தும் ஸ்குரூ நீளமாக இருந்தால் உள்ளே போய்க் காயிலைக் குத்தும். இதைக் கவனிக்காமல் புது மோட்டாரைக் காலி செய்தவர்கள் நிறைய. பிளேட்டோ ஸ்பேசரோ தேவைப்பட்டால் நமக்கென்ன கவலை, கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனால் கடைந்து தந்துவிடுவார்கள்.

இப்போது சுற்று எண்ணிக்கை

மோட்டார் மேல் 21.5, 17.5, 13.5, 10.5 என்று எழுதியிருக்கும். அது காயிலின் சுற்று எண்ணிக்கை. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுபவரைக் கேட்டால் உடனே சொல்வார்: சுற்று குறைந்தால் வேகம் ஏறும், இழுக்கும் கரண்டும் ஏறும். சில மோட்டார்களில் இதற்குப் பதிலாகக் கேவி எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்குச் சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பதே அது. 21.5 சுற்று என்றால் சுமார் 1,800 கேவி, 17.5 என்றால் 2,200 முதல் 2,400, 13.5 என்றால் 3,000 அல்லது அதற்கும் மேல். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

கணக்கு எளிது. 2,200 கேவியை 7.4 வோல்ட்டால் பெருக்கினால் 16,280. கிட்டோடு வரும் வெள்ளி நிற 540 மோட்டார் 7.2 வோல்ட்டில் ஏறத்தாழ 15,000 சுழற்சி. எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பிரஷ்லெஸ் சுமை ஏறும்போதும் அவ்வளவாகச் சோராது, அந்த இழுவை முழுவதும் பிளாஸ்டிக் பல்லில்தான் விழும். அதனால் என் பரிந்துரை: கிராஸ்ஹாப்பர், ஹார்னெட், ஃப்ராக் வண்டிகளுக்கு 21.5. பேரிங்கும் எஃகு பினியனும் போட்டாகிவிட்டது என்றால் 17.5. நான்கு சக்கர இழுவை உள்ள ஹாட்ஷாட்டுக்கும் 17.5 போதும். 13.5 வாங்கச் சொல்பவர் உங்களுக்கு உதிரிபாகமும் விற்பவராக இருக்கலாம்.

சென்சார் வேண்டுமா?

வேண்டும். சென்சார் இல்லாத மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது திக்கித் திணறும், அந்த உதறல் பழைய கியருக்கு ஆகாது. ஒரு குறை உண்டு. சென்சார் வகைகளில் பல, காற்றுக்காகத் திறப்புகளோடு வரும். கொறங்காட்டிலோ தோட்டத்துச் செம்மண்ணிலோ ஓட்டினால் புழுதி உள்ளே போகும், மண்ணில் உள்ள இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும். கூடியவரை மூடிய உடல் உள்ளதைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? ஓட்டி முடித்ததும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இ.எஸ்.சி., பேட்டரி

60 ஆம்பியர் சென்சார் வகை இ.எஸ்.சி. தாராளம். பேட்டரி 2எஸ் லிப்போ, அதாவது இரண்டு செல் உள்ள லித்தியம் பாலிமர். 3எஸ் பக்கமே போகாதீர்கள். பழைய வண்டிகளில் பேட்டரிக் குழி வட்ட விளிம்போடு இருந்தால் சதுர லிப்போ உட்காராது. அதற்காகச் சேசிஸை அறுக்க வேண்டாம், உருண்டை விளிம்பு உள்ள பேக் வாங்கலாம். பழைய வெள்ளைக் கனெக்டர் சூடேறும், எக்ஸ்டி60 போட்டுவிடுங்கள். இ.எஸ்.சி.யில் லிப்போ கட்-ஆஃப் (பேட்டரி அளவுக்கு மீறி இறங்காமல் நிறுத்தும்) அமைப்பை இயக்க மறக்காதீர்கள்.

பொருத்தி ஓட்டுதல்

சென்சார் மோட்டாரில் ஏ, பி, சி ஒயர்களை எழுத்துப்படியே இணைக்க வேண்டும். வண்டி பின்னோக்கிப் போனால் ஒயரை மாற்றாதீர்கள், இ.எஸ்.சி. அமைப்பில் சுழற்சித் திசையை மாற்றுங்கள். டைமிங் (காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கட்டும். அப்புறம் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் சூட்டைப் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது பெரும்பாலும் உடல் சூட்டைத் தாண்டிக் காட்டாது. பட்டறைக்கான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் 70 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 80-ஐ நெருங்கினால் பினியனில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். பல் மாற்ற அதிக இடமில்லாத ஹார்னெட் மாதிரி வண்டி என்றால் 17.5-ஐக் கழற்றிவிட்டு 21.5 போடுங்கள்.